நாடோடிக் கலைஞரைக் கதைப் பாத்திரமாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளைக் கேட்பவர்கள் யார்?

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், இந்திராநகர்ப் பக்கங்களில் வார இறுதிகளில் கூடித் தமிழிலேயே ரோல்பிளேயிங் (மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை வளர்க்கும் ஆட்டம்) விளையாடும் நண்பர்களும், தமிழில் மாயாஜாலக் கதை எழுத முயல்பவர்களும்தான். விளையாட்டை நடத்துபவன் என்ற முறையில், புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் “உங்கள் பாத்திரம் இதுவரை எப்படி வாழ்ந்து வந்தது?” என்று கேட்பது என் வழக்கம். ஊர் ஊராகப் பாடித் திரிபவள், கயிற்றின் மேல் நடப்பவன், பொம்மலாட்டக்காரரின் மகன் என்ற பதில்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதையொட்டி எழும் ஐயங்களுக்கு ஒரே இடத்தில் விடை தருவதற்காக இதை எழுதியிருக்கிறேன்.

இந்தப் பின்புலம் ஏன் இவ்வளவு பேருக்குப் பிடிக்கிறது?

வசதியானது என்பதால்தான். சாகசக் கதையில் பாத்திரங்கள் ஊர்விட்டு ஊர் போயாக வேண்டும். உழவரோ நெசவாளரோ வீட்டை விட்டுக் கிளம்புவதற்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்போது, நாடோடிக் கலைஞர் ஏற்கெனவே வழியில் இருக்கிறார். அரண்மனைக்குள்ளும் அவரை விடுவார்கள். சத்திரத்துத் திண்ணையிலும் அவருக்கு இடம் உண்டு. ஆனால் இந்த வசதியே வலையாகவும் ஆகிவிடுகிறது. எங்கு வேண்டுமானாலும் போகலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று எழுதப்பட்ட பாத்திரத்துக்கு, மூன்றாவது அமர்வுக்குள் பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நாடோடி என்றாலே நினைத்த இடத்துக்குப் போகிறவர்தானே?

இல்லை. கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த மறுப்பே அடிப்படை. உண்மையில் வாழ்ந்த, இன்றும் வாழும் நாடோடிக் கலைஞர்களில் பெரும்பாலோருக்கு வழித்தடம் உண்டு, பருவம் உண்டு, எந்த ஊரில் எந்த நாளில் இருந்தாக வேண்டும் என்ற கடப்பாடும் உண்டு. நிலையாகக் குடியிருப்பவரைவிட அவர்களுடைய நாட்காட்டி கண்டிப்பானது.

நம் மாநிலத்திலேயே கடலோரக் கர்நாடகத்து யக்ஷகான மேளங்களைப் பாருங்கள். மேளம் என்பது அங்கே ஆட்டக்குழுவுக்குப் பெயர். நவம்பர் வாக்கில் புறப்படும் குழு, இரவுக்கு ஓர் ஊராக ஆடிக்கொண்டே சென்று, மே மாதக் கடைசியில் துளு நாட்டில் பத்தனாஜெ என்று சொல்லப்படும் நாளன்று சலங்கையை அவிழ்த்து வைக்கும். அதற்குப் பிறகு மழைக்காலம், மேடை இல்லை. கோயில் சார்ந்த மேளங்கள் ஆடுவது பெரும்பாலும் பக்தர்களின் வேண்டுதலுக்காக. கட்டீல் கோயில் மேளத்தின் வேண்டுதல் ஆட்டங்களுக்குப் பல ஆண்டுகள் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதாவது, ஒரு நடிகர் இன்றிரவு எந்த ஊரில் ஆடப்போகிறார் என்பது, அவர் அந்தக் குழுவில் சேர்வதற்கு முன்பே முடிவாகியிருக்கலாம்.

பழைய சட்ட நூலும் இதையே காட்டுகிறது. கூத்தர்கள் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கியிருக்க வேண்டும் என்று அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் இசைக்குழு ஒவ்வொரு காட்சிக்கும் 5 பணம் கட்ட வேண்டும் என்கிறது. புதிதாகக் குடியேற்றப்பட்ட ஊர்களில் ஆடுவோரும் பாடுவோரும் கதை சொல்வோரும் மக்களின் வேலையைக் கெடுக்கக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. இந்த மூன்று விதிகளை அப்படியே உங்கள் கற்பனை நாட்டுக்குள் வைத்துப் பாருங்கள். வரி கொடுக்கப் பணமில்லாத குழு, மழைக்கு முன் மலையைக் கடக்க முடியாமல் எதிரி நாட்டில் மாட்டிக்கொண்ட குழு, அறுவடை முடியும்வரை ஊர் எல்லையில் நிறுத்தி வைக்கப்பட்ட குழு என்று மூன்று கதைகள் உடனே கிடைக்கின்றன.

அப்படியானால் பின்கதையில் முதலில் எதை எழுத வேண்டும்?

ஓர் ஆண்டுச் சுற்றை எழுதுங்கள். ஆறேழு ஊர்ப் பெயர்கள், அங்கே போகும் மாதம், போவதற்கான காரணம் (திருவிழா, சந்தை, அறுவடை, ஒரு செல்வரின் வீட்டு விசேஷம்), அந்த ஊரில் உங்களுக்கு ஆகாதவர் ஒருவர், உங்களுக்குச் சோறு போடுபவர் ஒருவர். இவ்வளவு போதும். கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷே கூடும் என்று நமக்கெல்லாம் தெரிவதுபோல, உங்கள் பாத்திரத்துக்கும் சில நாட்கள் உடம்பிலேயே ஊறியிருக்க வேண்டும். அந்த நாளில் அவள் அங்கே இல்லையென்றால் யார் ஏமாறுவார், யார் சந்தேகப்படுவார் என்பதைக் கதை நடத்துபவர் பார்த்துக்கொள்வார்.

சங்க காலப் பாணர்களை முன்மாதிரியாகக் கொள்ளலாமா?

தாராளமாக. தமிழில் கற்பனைக் கதை எழுதுபவர் ஐரோப்பிய இடைக்காலப் பாடகர்களைத் தேடிப் போவதற்கு முன் பத்துப்பாட்டைப் புரட்டியிருக்க வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. பாணர், பாடினி, விறலி, கூத்தர், பொருநர், கோடியர், வயிரியர் என்று அங்கே ஒரு கலைஞர் உலகமே இருக்கிறது. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை நூல்கள். முருகனிடம் வழிப்படுத்தும் ஒன்றைத் தவிர்த்துவிட்டால், மற்ற நான்கிலும் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு கலைஞர், வறுமையோடு எதிரில் வரும் இன்னொரு கலைஞருக்கு வழி சொல்கிறார். ஆட்டமேசையில் தொடக்கக் காட்சியாக வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியாது. எதிரில் வருபவருக்கும் உங்களுக்கும் தொழில் ஒன்றே என்பதால் அவர் சொல்வதை நம்புகிறீர்கள். அவர் வயிறு நிறைந்திருப்பதால் பொறாமையும் கொள்கிறீர்கள்.

583 அடிகள் கொண்ட மலைபடுகடாத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். செங்கண்மா நாட்டு நன்னனிடம் போகும் கூத்தர் கூட்டம் அதன் தொடக்கத்திலேயே மூட்டை முடிச்சோடு காட்சி தருகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல் முதலிய இசைக்கருவிகளைப் பைகளில் கட்டி, பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதுபோலக் காவடித் தண்டின் இருபுறமும் தொங்கவிட்டுச் சுமந்து வருகிறார்கள். பிறகு வரும் வழிக்குறிப்புகள் ஒரு விளையாட்டு நடத்துபவர் எழுதியவைபோலவே இருக்கின்றன: தினைப்புனத்துக்கு வரும் பன்றிகளுக்காகப் பொறி வைத்திருக்கிறார்கள், பகலில் மட்டும் போங்கள், காவலர் கவணில் எறியும் கல் மேலே படலாம், மரத்தின் மறைவில் செல்லுங்கள், பாறை வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள், இந்தக் குடியிருப்பில் இன்ன உணவு தருவார்கள். பெரும்பாணாற்றுப்படையும் எயினர், ஆயர், உழவர், அந்தணர், வலையர் என ஒவ்வொரு குடியிருப்பிலும் கிடைக்கும் உணவை வரிசையாகச் சொல்லிச் செல்கிறது. நாடோடிக்கு ஊரின் வரைபடம் அதன் கோட்டை கொத்தளம் அல்ல, சோறு கிடைக்கும் வீடுகள்தான் என்பதை இந்த நூல்கள் அறிந்திருக்கின்றன.

இருண்ட பக்கத்துக்கும் அங்கே சான்று உண்டு. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, கோவூர்கிழார் பாடிக் காப்பாற்றிய செய்தி புறநானூற்றின் 47ஆம் பாட்டில் இருக்கிறது. பகை அரசர் இருவருக்கும் இடையே தடையின்றிப் போய்வர முடிந்தவர்மேல் இரு பக்கமும் சந்தேகம் விழுவது இயல்பு. உங்கள் பாத்திரத்தைக் காப்பாற்ற ஒரு கோவூர்கிழார் இருக்கிறாரா என்று யோசித்து வையுங்கள்.

குழுவில் பணம் எப்படிப் பிரிக்கப்படும்? இது கதைக்குத் தேவையா?

மிகவும் தேவை, ஆனால் யாரும் எழுதுவதில்லை. இத்தாலியில் பதுவா நகரத்தில் 1545ஆம் ஆண்டு எட்டு நடிகர்கள் ஒரு நோட்டரி முன்னால் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. ஊர் ஊராகச் சென்று நாடகம் போடுவதற்கான அந்த ஒப்பந்தத்தில், பொதுப்பணத்தில் ஒரு குதிரை வாங்கி எல்லோருடைய சாமான்களையும் அதில் ஏற்ற வேண்டும், யாராவது நோயில் விழுந்தால் பொதுப்பணத்திலிருந்து உதவ வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது பணப்பெட்டி பற்றிய விதி: பெட்டிக்கு மூன்று சாவிகள், மூன்று பேரிடம். மூவரும் சம்மதிக்காமல் பெட்டி திறக்காது.

எங்கள் மேசையில் ஒருமுறை இந்தப் பெட்டியை அப்படியே பயன்படுத்தினோம். ஒரு சாவி வைத்திருந்த கழைக்கூத்தாடி மூதாட்டி வழியில் இறந்துபோக, சாவி அவளுடைய தாவணிப் பருவத்துப் பேத்தியிடம் வந்து சேர்ந்தது. அந்தப் பேத்திதான் ஒரு விளையாட்டாளரின் பாத்திரம். வாளோ மந்திரமோ இல்லாத ஒரு பெண்ணிடம் பெரியவர்கள் இருவர் பேரம் பேச வந்து நின்ற காட்சி, அந்தக் கதையின் டிராகன் சண்டையைவிடக் கூடுதல் நேரம் ஓடியது.

ஊருக்குள் நுழைந்து ஆடும் காட்சியை எப்படி நடத்துவது?

“நான் பாடுகிறேன்” என்று சொல்லிப் பகடையை உருட்டி, வரும் எண்ணுக்கு ஏற்பக் காசு வாங்கிக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கிறது. அதைச் சற்று நீட்டலாம். கழைக்கூத்து எப்படித் தொடங்குகிறது என்று தெருவில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் மேளச் சத்தம், அதுதான் விளம்பரம். மூங்கில்களை இரண்டிரண்டாகப் பெருக்கல் குறிபோல நிறுத்தி, இடையே கயிற்றை இழுத்துக் கட்டி, ஒருவர் அதைத் தொங்கிப் பார்த்துச் சோதிப்பார். கூட்டம் வட்டமாகச் சேரும்வரை சிறு பிள்ளைகள் குட்டிக்கரணம் போடுவார்கள். பிறகு, கையில் நீண்ட கோலோடு சிறுமி கயிற்றில் ஏறுவாள். பெரும்பாலும் எல்லாவற்றிலும் கடினமான வித்தைக்கு முன்புதான் தட்டு சுற்றி வரும்; முடிந்த பிறகு நீட்டினால் கூட்டம் கலைந்துவிடும் அல்லவா.

இதில் எத்தனை முடிவுகள் இருக்கின்றன பாருங்கள். கயிற்றை எங்கே கட்டுவது, யாருடைய வாசலை மறைப்பது, தட்டை யார் எடுத்துப் போவது, கூட்டத்தில் எந்த முகம் தட்டு வரும்போது பின்வாங்குகிறது. உளவு பார்க்க வந்த பாத்திரமானால் தட்டு ஏந்துவதே அவளுடைய வேலை. ஊரிலுள்ள ஒவ்வொருவர் முகத்தையும் அருகில் பார்க்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது.

தெருக்கூத்து வேறு மாதிரி. அங்கே ஊரார் வெற்றிலை பாக்கு வைத்து, அச்சாரம் கொடுத்து ஜமாவை அழைத்து வருவார்கள். வாத்தியார் என்று அழைக்கப்படும் குழுத் தலைவருக்கு ஊரில் மரியாதை உண்டு. அழைக்கப்பட்டு வருபவரும் அழைக்கப்படாமல் வருபவரும் ஒரே பின்புலத்தினர் அல்லர் என்பதை விளையாட்டாளர் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

நாடோடிக் கலைஞர் கொஞ்சம் திருட்டுக்குணம் உள்ளவராக இருந்தால் சுவையாக இருக்குமே?

தனி ஒருவர் திருடராக இருப்பதில் தடையில்லை. ஒரு கூட்டத்தையே பிறவித் திருடராகக் காட்டுவதுதான் சிக்கல். அது வெறும் கதைச் சூத்திரமாக நின்றுவிடவில்லை. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் இந்தியாவில் பல சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. அவர்களில் ஊர் ஊராகச் சென்று வித்தை காட்டிப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். அந்தச் சட்டம் நாடு முழுவதும் நீங்கியது 1952இல்தான். 1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டமோ, பாடியும் ஆடியும் குறி சொல்லியும் வித்தை காட்டியும் காசு பெறுவதையும் பிச்சை என்ற வரையறைக்குள் சேர்த்தது. டெல்லிக்கும் விரிவுபடுத்தப்பட்ட அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை டெல்லி உயர்நீதிமன்றம் 2018இல் செல்லாதவை என்று அறிவித்தது. இங்கிலாந்திலும் 1572ஆம் ஆண்டுச் சட்டம், பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாத நடிகர்களை நாடோடிப் போக்கிரிகளின் பட்டியலில் வைத்தது. ஷேக்ஸ்பியர் காலத்து நாடகக் குழுக்கள் பிரபுக்களின் பெயரைத் தாங்கியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

விளையாட்டு உலகிலும் இந்த விவாதம் நடந்து முடிந்திருக்கிறது. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற புகழ்பெற்ற ரோல்பிளேயிங் விளையாட்டுக்காக 1983ஆம் ஆண்டு வந்த ரேவன்லாஃப்ட் சாகசத்தில், வண்டிகளில் திரியும், குறி சொல்லும், கொடுங்கோலனுக்குத் துணைபோகும் ஒரு கூட்டம் இடம்பெற்றது. பிற்காலத்தில் விஸ்தானி என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டம், ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிய பழைய அவதூறுகளின் நகல் என்ற கண்டனம் நெடுங்காலம் இருந்தது. 2020 ஜூனில் வெளியீட்டு நிறுவனமே அந்தச் சித்திரிப்பைத் திருத்துவதாக அறிவித்தது. ரோமா மக்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதை மொழியியலும் மரபியலும் காட்டுகின்றன. நாஜிகள் அவர்களை லட்சக்கணக்கில் கொன்றார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு, “அவர்கள் வந்தால் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வையுங்கள்” என்று ஊர்க்காரர் ஒருவர் பேசும் வசனத்தை எழுதலாம்; கதை அதை உண்மையென்று ஒத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகத்தைக் காட்சியில் வையுங்கள், ஆனால் அது சந்தேகிப்பவரைப் பற்றியதாக இருக்கட்டும்.

உண்மையான சமூகங்களின் பெயரைப் பயன்படுத்தலாமா?

கற்பனை உலகத்தில் வேண்டாம். தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள், வழித்தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சாதிப் பெயரை விட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் சில சமூகப் பெயர்கள் இன்றும் வசைச்சொல்லாகப் புழங்குகின்றன என்பதை மறக்கலாகாது.

பாத்திரம் எந்த மொழி பேச வேண்டும்?

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, அலுவலகத்தில் இன்னொன்று என்று வாழ்பவர்கள்தானே நாம். தமிழகத்தின் தென் மாவட்டங்களில் தோற்பாவைக் கூத்து நடத்தும் குடும்பங்களின் வீட்டு மொழி மராத்தி. கூத்து நடப்பது தமிழில். கர்நாடகத்தில் தொகலு கொம்பெயாட்டம் என்ற தோல்பொம்மை ஆட்டத்தை நிகழ்த்தும் கிள்ளேக்யாதர் சமூகத்தவரும் வீட்டில் மராத்தி சார்ந்த மொழி பேசி, திரைக்குப் பின்னாலிருந்து கன்னடத்தில் பாடுகிறார்கள். உங்கள் பாத்திரத்துக்கும் மேடை மொழி ஒன்றும் அடுப்படி மொழி ஒன்றும் கொடுங்கள். ஆட்டத்தின் நடுவே குழுவினர் தங்களுக்குள் எச்சரிக்கை சொல்லிக்கொள்ள இரண்டாவது மொழி உதவும். கோபத்தில் அவள் எந்த மொழிக்குத் தாவுகிறாள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

வித்தை காட்டும் விலங்கு வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது கதையில் உயிராக நடத்தப்படட்டும். இந்தியாவில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று 1998இல் அரசாணை வந்தது. மூக்கில் கயிறு கோத்து ஆட்டிவைக்கப்பட்ட கரடிகள் பல மீட்கப்பட்டு, நம் பன்னேர்கட்டாவிலுள்ள மையத்தில் வளர்ந்தன. கரடியைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு வேறு தொழில் தேட வேண்டியிருந்தது என்பதும் இதே கதையின் மறுபாதி. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கும் இத்தகைய சிக்கல் விளையாட்டில் எளிதில் அமையாது.

ஆட்டத்துக்கே மந்திர சக்தி உண்டு என்று வைக்கலாமா?

விராட பருவத்தைப் படித்தாலோ கூத்தாக நிகழ்த்தினாலோ மழை வரும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் உண்டு. பாவைக்கூத்தையும் மழைக்காகவும் மாட்டுக்கு நோய் வராதிருக்கவும் நடத்துவார்கள். ஆகவே மந்திரம் என்பது இங்கே வெளியிலிருந்து ஒட்டவைக்கும் சரக்கு அல்ல. நான் பரிந்துரைப்பது ஒன்றுதான்: சக்தி பாடகரிடம் இல்லாமல் கதையிடம் இருக்கட்டும். எந்த இரவில், எந்தப் பகுதியை, இடையில் நிறுத்தாமல் ஆடி முடித்தால் பலிக்கும் என்று விதி வையுங்கள். ஆட்டத்தை நடுவில் நிறுத்த எதிரி ஆளனுப்பும்போது, கூத்தின் கோமாளியும் அறிவிப்பாளருமான கட்டியங்காரன் வசனத்தை நீட்டிச் சமாளித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் திரைக்குப் பின்னால் சண்டையிடும் காட்சி தானாகவே அமைந்துவிடும்.

விதிப்புத்தகத்தில் இருக்கும் ‘என்டர்டெய்னர்’ பின்புலம் போதாதா?

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு விதிகளில், அந்தப் பின்புலம் உள்ளவர் எந்த ஊரிலும் ஆட இடம் பெறுவார், ஆடும்வரை இலவசமாகத் தங்கவும் உண்ணவும் வழி கிடைக்கும் என்று ஒரு சலுகை இருந்தது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தச் சலுகை இல்லை. உடல்வித்தை, நிகழ்த்துதல் ஆகிய திறன்களும் இசைக்கலைஞர் என்ற தகுதியும் தரப்படுகின்றன. என் மேசையில் பழைய சலுகையை வைத்திருக்கிறேன், ஒரு திருத்தத்தோடு: பாத்திரத்தின் ஆண்டுச் சுற்றில் உள்ள ஊர்களில் மட்டுமே அது செல்லும். சுற்றுக்கு வெளியே உள்ள ஊரில் வேறொரு குழுவின் உரிமையில் கைவைக்கிறோம் என்று பொருள்; அனுமதி கேட்க வேண்டும், அல்லது அடி வாங்க வேண்டும்.

என் பாத்திரம் குழுவை விட்டுத் தனியாக வந்தவர். அப்போதும் இதெல்லாம் பொருந்துமா?

இன்னும் நன்றாகப் பொருந்தும். குழுவை ஒரேயடியாகக் கொன்றுவிட்டுப் பாத்திரத்தை அனாதையாக்கும் பழக்கத்தை மட்டும் கைவிடுங்கள். தீயிலும் கொள்ளையிலும் அழிந்த குழுக்களை நான் வேண்டிய அளவு பார்த்துவிட்டேன். குழு உயிரோடு இருக்கட்டும், அதே வழித்தடத்தில் சுற்றிக்கொண்டிருக்கட்டும். எந்த மாதத்தில் எந்த ஊரில் அவர்கள் இருப்பார்கள் என்று உங்கள் பாத்திரத்துக்குத் தெரியும். அவர்களைச் சந்திக்க விரும்பாவிட்டால் அந்த ஊர்களைத் தவிர்த்தே நடக்க வேண்டும். திருமணப் பேச்சு முறிந்தது, பாடல் ஒன்றின் உரிமைச் சண்டை, மேடையில் வேடம் மறுக்கப்பட்டது போன்ற சிறிய காரணங்களே பிரிவுக்குப் போதும்.

தமிழ் தெரியாத நண்பர்களும் எங்கள் மேசையில் இருக்கிறார்கள். என்ன செய்வது?

ஆற்றுப்படை, ஜமா, கட்டியங்காரன் ஆகியவற்றை அவர்களுக்கு ஒருமுறை சொன்னால் போதும். கன்னட நண்பர்களுக்கு மேளமும் ஹகலு வேஷமும் (பகலில் வேடமிட்டு ஊர் சுற்றும் கலை) கோலே பசவனும் (அலங்கரித்து வித்தை காட்ட அழைத்து வரும் மாடு) நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களையே ஒரு குழுவை உருவாக்கச் சொல்லுங்கள், உங்கள் குழுவுக்கு எதிரணியாக அது நன்றாக இருக்கும்.

பின்கதை எத்தனை பக்கம் இருக்கலாம்?

ஒன்று. அதில் முக்கால் பக்கம் ஆண்டுச் சுற்று. மீதியில் பணப்பெட்டியின் சாவிகள் யாரிடம் இருக்கின்றன என்றும், மழைக்காலத்தை எங்கே கழிப்பீர்கள் என்றும் எழுதினால் போதும். முதல் அமர்வுக்கு முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள்; எந்த ஊரில் கதையைத் தொடங்குவது என்று நடத்துபவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.